பறக்கும் தட்டுக் கோப்புகள்: வாசிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க விமானப் படையின் பறக்கும் தட்டு விசாரணைகள் எல்லாவற்றையும் ‘புளூ புக்’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவதுதான் முதல் சறுக்கல். ஓஹையோ மாநில ரைட்-பேட்டர்சன் தளத்தில் 1948 ஜனவரியில் தொடங்கிய முதல் விசாரணைத் திட்டத்தின் பெயர் ‘சைன்’. 1949 பிப்ரவரியில் அது ‘கிரட்ஜ்’ ஆனது. ‘புளூ புக்’ என்ற பெயர் வந்தது 1952 மார்ச்சில்தான். பெயரோடு போக்கும் மாறியது. வேற்றுக்கிரக வாய்ப்பைச் சைன் குழுவில் சிலர் தீவிரமாகவே எடுத்துக்கொண்டார்கள். கிரட்ஜோ எதையும் சாதாரணக் காரணம் சொல்லி முடித்துவிடவே பார்த்தது. எனவே ஒரு கோப்பைக் கையில் எடுத்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

ஒரே வழக்கின் விளக்கம் காலத்தோடு மாறுவது, விமானி கேப்டன் தாமஸ் மாண்டெல் மரணத்தில் துல்லியமாகத் தெரியும். 1948 ஜனவரி 7, கென்டக்கி. காட்மன் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வானில் தெரிந்த ஏதோ ஒன்றை நோக்கி எஃப்-51 விமானத்தில் மேலேறினார். ஆக்சிஜன் கருவி இல்லை. உடன் சென்றவர்கள் சுமார் 22,000 அடியில் திரும்பிவிட்டார்கள். அவர் ஏறிக்கொண்டே போனார். அந்த உயரத்துக்கு மேல் ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். விமானம் பிராங்க்ளின் ஊருக்கு அருகே விழுந்தது. முதலில் சொன்ன விளக்கம், வெள்ளிக் கோள். அது ஏறக்குறைய அதே திசையில் இருந்தது உண்மை. ஆனால் பட்டப்பகலில் அவ்வளவு பெரிதாகத் தெரிய வழியில்லை. பிற்பாடு பொருந்திய விளக்கம் ‘ஸ்கைஹுக்’, கடற்படையின் பிரம்மாண்டமான பிளாஸ்டிக் பலூன். அன்று அது ரகசியத் திட்டம். ‘விமானப் படை தெரிந்தே பொய் சொன்னது’ என்று எழுதுபவர்கள், விசாரித்தவர்களுக்கே அந்தப் பலூன் பற்றிய விவரம் எட்டவில்லை என்பதை விட்டுவிடுகிறார்கள்.

வேகக் கணக்கிலும் கவனம் வேண்டும். 1947 ஜூன் 24 அன்று தன் விமானத்தில் பறந்துகொண்டிருந்த கென்னத் ஆர்னால்டு, ஒன்பது பொருள்கள் வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலை வரை கடக்க 102 விநாடி ஆனதாகக் குறித்தார். இடைவெளி சுமார் 75 கி.மீ. அப்படியானால் மணிக்கு ஏறத்தாழ 2,600 கி.மீ. ஆனால் கடிகாரம் அளந்தது நேரத்தை மட்டுமே. பொருள்கள் அவருக்கும் மலைத்தொடருக்கும் நடுவே பாதித் தூரத்தில் பறந்திருந்தால், கடந்த தூரம் பாதி, வேகமும் பாதி. ‘ஒலியை மிஞ்சிய வேகம்’ என்று எழுதும் முன், தூரத்தை எப்படி முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது, விமானப் படைக் கோப்புகளில் உள்ள 12,618 புகார்களில் 701 மட்டுமே விளக்கம் கிடைக்காதவை, அதாவது 5.6 சதவீதம் என்ற பிரபலமான எண். எண் சரி, சராசரிதான் ஏமாற்றும். அந்த 701இல் 303 ஒரே ஆண்டில், 1952இல் வந்தவை. ‘அடையாளம் தெரியாதது’ என்றால் ‘தகவல் போதவில்லை’ என்று பொருள் கொள்வதும் தவறு; கோப்புகளில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. 1947 முதல் 1952 வரையிலான 3,201 புகார்களை பாட்டெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது, தரம் குறைந்த புகார்களைவிடத் தரம் உயர்ந்த புகார்களில்தான் விளக்கம் கிடைக்காதவற்றின் விகிதம் கூடுதலாக இருந்தது. இது வேற்றுக்கிரகவாசிகளுக்குச் சான்று ஆகாது. ஆனால் ‘சாட்சி சரியாகப் பார்க்கவில்லை’ என்ற ஒற்றை வரியில் எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது என்பதை இது உறுதியாகக் காட்டுகிறது.

வேற்றுக்கிரக முடிவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் சைன் குழுவின் 1948 ‘நிலைமை மதிப்பீடு’ அறிக்கையை மேற்கோள் காட்டவே கூடாது. அதன் பிரதி ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. புளூ புக் தலைவராக இருந்த எட்வர்ட் ருப்பெல்ட் 1956இல் எழுதியதுதான் நமக்குக் கிடைத்த முதன்மையான சான்று.

வேற்றுக்கிரகக் கலம் விழுந்ததாகப் பேசப்படும் ராஸ்வெல் சம்பவத்தைத் தேடி இந்தக் கோப்புகளுக்குள் இறங்க வேண்டாம். 1947 ஜூலையில் அது செய்தியானபோது சைன் தொடங்கவே இல்லை. புளூ புக் அதை வழக்காக எடுக்கவும் இல்லை. ‘மோகுல்’ என்ற ரகசிய பலூன் திட்டத்தோடு அதை விமானப் படை இணைத்துச் சொன்னது 1994இல் வந்த தனி அறிக்கையில்.