கிறிஸ் பேட்டனைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டனை 'ஹாங்காங்கைச் சீனாவுக்குக் கொடுத்தவர்' என்று எழுதாதீர்கள். அந்த முடிவில் அவருக்குப் பங்கில்லை. 1984 டிசம்பரிலேயே பிரதமர் மார்கரெட் தாட்சர், ஹாங்காங்கை 1997இல் சீனாவிடம் ஒப்படைக்கும் கூட்டுப் பிரகடனத்தில் பெய்ஜிங்கில் கையெழுத்திட்டுவிட்டார். பேட்டன் அப்போது பாத் தொகுதி எம்.பி., வட அயர்லாந்துத் துறையில் இளநிலை அமைச்சர்.

'99 ஆண்டுக் குத்தகை முடிந்ததால் ஹாங்காங் கைமாறியது' என்பதும் அரைகுறைத் தகவல்தான். 1898 குத்தகை நியூ டெரிட்டரீஸ் பகுதிக்கு மட்டுமே. ஹாங்காங் தீவும் கவுலூனும் அதற்கு முன்பே பிரிட்டன் போரில் பறித்துக்கொண்டவை.

1992 ஏப்ரல் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சியின் அமைப்புப் பணிகளைக் கவனிக்கும் சேர்மனாக இருந்து பிரதமர் ஜான் மேஜரை வெல்ல வைத்தார் பேட்டன். தன் சொந்தத் தொகுதியில் தோற்றார். ஜூலையில் ஆளுநரானார். அரசியல்வாதி ஆளுநராக வந்தது இதுவே முதல்முறை என்று எழுதிவிட வேண்டாம். ஜான் பௌரிங், போப் ஹென்னசி இருவரும் 19ஆம் நூற்றாண்டிலேயே எம்.பி.யாக இருந்து ஹாங்காங் ஆளுநரானவர்கள். ஆளுநர் பேட்டனுக்கு 'சர்' போடுவதும் பிழை. அவருக்கு அப்போது அந்தப் பட்டம் இல்லை. ஆளுநர்கள் வழக்கமாக அணியும் இறகுத் தொப்பியும் சீருடையும்கூட வேண்டாம் என்று ஒதுக்கியவர் அவர்.

அதிகம் குழம்புவது அவருடைய தேர்தல் சீர்திருத்தத்தில்தான். முழு ஜனநாயகம் கொண்டுவந்தார் என்பது மிகை. ஹாங்காங் சட்டமன்றத்தின் 60 இடங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 20 மட்டுமே என்பது சீனாவோடு முன்பே முடிவான கணக்கு. அதை அவர் தொடவில்லை. வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18 ஆக்கினார். முதலாளிகளும் தொழில் சங்கங்களும் வாக்களித்துவந்த தொழில்வாரித் தொகுதிகளோடு ஒன்பது புதிய தொகுதிகளைச் சேர்த்து, ஏறக்குறைய 27 லட்சம் உழைப்பாளர்களுக்கு அவற்றில் வாக்குரிமை தந்தார். விதியின் சொல்லை மீறாமல் அதற்குள் இருந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார் என்பதே சரி. இதற்கே சீன அதிகாரி லூ பிங் அவரை 'ஆயிரம் தலைமுறைக்கும் பாவி' என்றார். 1995இல் தேர்வான அந்த அவையை, ஆட்சி கைமாறியதும் பெய்ஜிங் விலக்கிவிட்டுத் தற்காலிக அவையை அமர்த்தியது. ஒன்றரை நூற்றாண்டு ஆண்டுவிட்டுக் கடைசி ஐந்தாண்டில் வாக்குரிமையை விரிவாக்கிய பிரிட்டனின் தாமதத்தையும் இதே பத்தியில் சொல்லியாக வேண்டும். அதை விட்டால் பேட்டன் வெறும் வீரநாயகனாகிவிடுவார்.

1997 ஜூன் 30 நள்ளிரவுக்குப் பின் மழையில் அவர் ஏறிய பிரிட்டானியா அரச கப்பல் புறப்பட்டதோடு கதையை முடிப்பதும் தவறு. அடுத்த ஆண்டே வட அயர்லாந்துக் காவல்துறையைச் சீரமைக்கும் ஆணையத்தின் தலைவரானார் பேட்டன். அங்கே இன்றிருக்கும் காவல்துறை, 1999இல் அவர் தந்த அறிக்கையிலிருந்து உருவானது.