கௌபியில் புதிய இனம் எடுப்பது எப்படி? வன்னிக் காணிக்கு ஒரு செய்முறை

உழுந்துப் பூவையும் பயற்றம் பூவையும் விடக் கௌபிப் (தட்டைப்பயறு) பூ பெரியது. அதனால் இனக்கலப்புப் பழக இதைவிட நல்ல பயிர் கிடையாது. வன்னியில் நமக்கு வேண்டியவை இரண்டு. காலபோக நெல் வெட்டிய வயலில் ஈரம் வற்றுமுன் காய்த்து முடிய வேண்டும். அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சும் பூச்சி பரப்பும் சித்திரவடிவ வைரசு நோய்க்கு நின்று பிடிக்கவும் வேண்டும்.

1. பெற்றோரைத் தெரிவு செய்தல்

ஒன்று முந்திக் காய்ப்பது. மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எம்ஐ 35 என்ற இனம் அதற்குப் போதும். மற்றது, பக்கத்துக் கன்றுகள் இலை சுருண்டு கிடக்கும்போதும் பச்சையாக நிற்கும் ஊர் விதை. ஒன்று வெள்ளைப் பூவும் மற்றது ஊதாப் பூவுமாக இருந்தால் வெள்ளையைத் தாயாக வையுங்கள். காரணம் பிறகு புரியும். பிந்திப் பூப்பதை முதலில் விதைத்து, முந்திப் பூப்பதைக் கிழமைக்கு ஒரு தரமாக இரண்டு மூன்று முறை விதைத்தால் பூக்கும் காலம் ஒத்து வரும். மயிலுக்கும் முயலுக்கும் வேலி முதலே போட்டுவிடுங்கள்.

2. மகரந்தப்பையை எடுத்தல்

கௌபியின் மகரந்தப்பை இரவிலேயே வெடித்துவிடும். விடியப் பூ விரியும்போது தன் மகரந்தம் தன் சூல்முடியில், அதாவது பூவின் பெண் பாகத்து நுனியில், ஒட்டியிருக்கும். ஆகவே முதல்நாள் பின்னேரமே வேலையை முடிக்க வேண்டும்.

மறுநாள் விரியப்போகும் பருத்த மொட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடியுங்கள். வெளி இதழின் இரு ஓரமும் சேரும் விளிம்பில் ஊசியை ஓட்டி ஒரு பக்கத்தை மடக்குங்கள். உள்ளே படகுபோல மடிந்த இதழையும் அப்படியே கீறினால் நுனியில் மகரந்தப்பை உள்ள பத்துக் கேசரங்கள் தெரியும். சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். நடுவில் வளைந்து நிற்கும் தண்டில் கை படக்கூடாது. இதழை மீண்டும் மூடி, அந்தக் காம்பிலுள்ள மற்ற மொட்டுகளைக் கிள்ளி, நூல் கட்டுங்கள்.

விடிய, தந்தைக் கன்றில் அப்போது விரிந்த பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுங்கள். பல மொட்டுகள் உதிரும். நிறையச் செய்தால்தான் சில காய் தங்கும்.

3. முதல் தலைமுறை

கிடைக்கும் விதை தாயின் விதைபோலவே இருக்கும். கலப்புப் பிடிபடவில்லை என்று எறிந்துவிடாதீர்கள், விதைத்தோல் தாயுடையது. அதை விதைத்துப் பூவைப் பாருங்கள். ஊதா ஆட்சியான நிறம், வெள்ளையோடு கலந்தால் வெள்ளையை மறைத்துவிடும். வெள்ளைப் பூத் தாயின் பிள்ளை ஊதாவாகப் பூத்தால் கலப்புச் சரி. வெள்ளையாகப் பூத்ததைப் பிடுங்கிவிடுங்கள்.

இந்தத் தலைமுறைக்கு நோய் வந்தாலும் மனம் விடவேண்டாம். எதிர்ப்பு ஒரே மரபணுவால் வரும் பின்னிடைவான (ஆட்சியான இயல்புக்குள் மறையும்) இயல்பாக இருந்தால் இங்கே மறைந்து, அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு கன்றில் வெளிப்படும்.

4. இரண்டாம் தலைமுறை

முதல் தலைமுறைக் கன்றுகள் தாமாகக் காய்த்த விதையை விதைப்பதே இரண்டாம் தலைமுறை. உண்மையான தெரிவு இங்கேதான், அதனால் சில நூறு கன்றுகளாவது வேண்டும். பத்துப் பதினைந்து கன்றோடு தொடங்குவது வீண் வேலை. நாலைந்து வரிக்கு ஒருமுறை நோய்க்கு உடனே விழும் விதையை ஒரு வரி போடுங்கள். பூச்சிமருந்து அடிக்கக்கூடாது, நோய் எல்லாக் கன்றுக்கும் பரவினால்தான் எது நிற்கிறது என்று தெரியும்.

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். முந்திக் காய்த்த கன்று, நோய் பரவுமுன்னே முடிந்துபோய்ச் சுத்தமாகத் தெரியும். அது தப்பித்தது, எதிர்த்து நின்றதல்ல. பக்கத்து வரி முழுதும் மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கிய பிறகும் துளிர் பச்சையாக இருக்கும் கன்றைத்தான் நம்பலாம். முதற்பூ விரிந்த நாளைத் துண்டில் எழுதிக் கட்டுங்கள். முந்திப் பூத்து, நோயின் நடுவிலும் நின்ற கன்றுகளின் நெற்றை மட்டும் தனித்தனியாக எடுங்கள்.

5. அடுத்த போகங்கள்

ஒரு கன்றின் விதைக்கு ஒரு வரி. ஒரே வரிக்குள் பூக்கும் நாள் சிதறினால் இன்னும் நிலைக்கவில்லை என்று அர்த்தம். ஆறாம் தலைமுறை அளவில் பெரும்பாலும் ஒத்து வரும். இனி நோய்க்கன்றில் விதை எடுக்கவே வேண்டாம், வைரசு விதையோடும் போகும். விதையை நன்றாகக் காயவிட்டு, வண்டுக்கு அடுப்புச் சாம்பல் கலந்து போத்தலில் அடையுங்கள். அயலவருக்குக் கொடுக்குமுன், எம்ஐ 35ஐப் பக்கத்தில் போட்டு இரண்டு போகமாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.