அஞ்சல் பெட்டியில் இரண்டு பெயர்

ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடிக் கட்டடங்களில் வீடுகளுக்குத் தனித்தனியாகக் கதவு எண் கிடையாது. கட்டடத்துக்குத்தான் எண். கீழே வரிசையாக இருக்கும் அஞ்சல் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரும் உறையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போனால் தபால்காரர் உள்ளே போடுவார். இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும்.

இது எனக்குப் புரிய ஆறு வாரம் ஆயிற்று. மனைவியின் அலுவலகம் அவளை இரண்டு வருடத்துக்கு ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அனுப்பியது. நான் வேலையை விட்டுவிட்டு உடன் போனேன். வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில் இருந்ததால் வீட்டுக்காரர் அந்தப் பெயரை மட்டும் பெட்டியில் ஒட்டிவைத்திருந்தார். நமக்குத்தான் கணவன் மனைவிக்குப் பொதுவாக ஒரு குடும்பப் பெயர் கிடையாதே. அவள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா, என் பெயருக்குப் பின்னால் என் அப்பா. அவளுடைய வரி எண் மூன்றாவது வாரம் வந்து சேர்ந்தது, என்னுடையது வரவில்லை. விசாரித்தபோது, அனுப்பிய கடிதம் திரும்பிப் போயிருந்தது தெரிந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயரை எழுதி செலோடேப்பால் ஒட்டினேன். நாலாவது நாள் எனக்கென்று முதல் கடிதம் வந்தது. ஆவலாகப் பிரித்தால், வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கட்டணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். ஆனால் அது வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். ஒருவர் கட்டினால் போதும், மற்றவர் அந்தக் கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் முடிந்தது. குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

தற்காலிகமாக வருபவர்களுக்கு எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் வேலைக்கு வருபவரை மனதில் வைத்தவை. அவருக்கு அலுவலகம் இருக்கிறது, கேள்வி கேட்க ஆள் இருக்கிறார். உடன் வருபவருக்கு ஒரு சூட்கேஸும் துணையின் கைப்பேசி எண்ணும்தான். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். "ரெண்டு வருஷம்தானே, சமாளிச்சுக்கலாம்" என்று கிளம்புகிறோம். இரண்டு வருடம் என்பது அலுவலகம் போகிறவருக்குக் குறைவான காலம், வீட்டில் இருப்பவருக்கு அப்படி இல்லை.

கிளம்பும் முன் அலுவலகத்திடம் ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வாங்குங்கள். சம்பளம் இந்தியாவிலேயே ஓடுகிற டெபுடேஷனா, அல்லது ஜெர்மன் கம்பெனியுடன் உள்ளூர் ஒப்பந்தமா? பலர் இதைக் கேட்பதே இல்லை. உங்கள் மருத்துவக் காப்பீடு இதில்தான் தொங்குகிறது. உள்ளூர் ஒப்பந்தமாக இருந்து அரசு சார்ந்த காப்பீட்டில் சேர்ந்தால், சொந்த வருமானம் இல்லாத கணவனோ மனைவியோ கூடுதல் பணம் இல்லாமல் அதே காப்பீட்டில் சேர்ந்துகொள்ளலாம். டெபுடேஷன் என்றால் கதை வேறு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வைப்பு நிதி அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் 48 மாதம் வரை ஜெர்மன் ஓய்வூதியத்துக்குப் பணம் பிடிக்க மாட்டார்கள். கையில் வரும் சம்பளத்துக்கு நல்லதுதான். ஆனால் டெபுடேஷனில் வருபவர் பொதுவாக அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டுக்கும் வெளியேதான் இருப்பார். கம்பெனி எடுத்துத் தரும் தனியார் காப்பீட்டில் நீங்களும் இருக்கிறீர்களா, பிரசவம், பல், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, தைராய்டு எல்லாம் அடங்குமா என்று பாலிசி ஆவணத்தையே வாங்கிப் படியுங்கள். எங்கள் பாலிசியில் பல் கிடையாது. ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்த நாலாவது மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் உடைந்தது. தனியார் காப்பீட்டில் இன்னொரு விஷயம், மருத்துவர் பில்லை உங்கள் பெயருக்கு அனுப்புவார். பெரும்பாலும் நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பில்லும் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இருக்கிறதா?

உடன் வருபவர் வேலையை விடுவதற்கு முன், சம்பளமில்லாத நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று பிறகு என் பழைய மேலாளரே சொன்னார். விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் பிஎஃப் பணத்தை எடுக்காமல் அப்படியே விட்டுவையுங்கள். இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள், வங்கி ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். இருவர் பெயரிலும் இருக்கும் சேமிப்புக் கணக்குகளை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான கணக்காக, மாற்ற வேண்டும். தற்காலிகம்தானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விசாவைப் பொறுத்தவரை, கம்பெனிக்குள் மாற்றலாகி வருபவர்கள் பலருக்கும் கிடைப்பது ஐசிடி கார்டு. மேலாளர், நிபுணர் என்றால் அதிகபட்சம் மூன்று வருடம். இந்தக் கார்டு வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ வருவதற்கு ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டியதில்லை. வந்தபின் வேலை பார்க்கவும் தடையில்லை. இதை அலுவலகத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கார்டு கைக்கு வந்ததும் அதில் 'எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாவ்ப்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், வேலை அனுமதி உண்டு என்று அர்த்தம். உங்கள் பல்கலைக்கழகம் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் வீட்டில் இருந்தபடியே தேடிப் பார்க்கலாம். ஊரில் உள்ள பழைய கம்பெனிக்கே இங்கிருந்து வேலை செய்யலாம் என்று நினைப்பவர்கள், உட்கார்ந்து வேலை செய்யும் நாட்டில்தான் வரிக் கேள்வி எழும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு வரி ஆலோசகரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

சனிக்கிழமை இரவு வந்து இறங்கும்படி டிக்கெட் போடாதீர்கள். ஞாயிறு அன்று சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் இருக்கும் கடைகள்தான் கதி. நாங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டிலும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த முறுக்கிலும் ஓட்டினோம். தலைவலி மாத்திரைகூட சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, அப்போதேக்கே என்று சிவப்பு எழுத்துப் போட்ட மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். இரவிலும் விடுமுறையிலும், உயிருக்கு ஆபத்தில்லாத ஆனால் காத்திருக்க முடியாத வைத்தியத்துக்கு 116117, உயிர் போகிற அவசரத்துக்கு 112.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். வங்கிக் கணக்கு, வரி எண், வசிப்பிடக் கார்டு எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. இதற்கு வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். கம்பெனி தரும் தற்காலிக அபார்ட்மென்ட்டில் இறங்குகிறீர்கள் என்றால், அந்தக் கடிதம் கொடுப்பார்களா என்று முன்பே கேளுங்கள், அதில் இரண்டு பெயரும் இருக்கட்டும். பெரிய நகரங்களில் பதிவுக்கு நேரம் கிடைப்பது கஷ்டம், ஊரிலிருந்தே முன்பதிவுக்கு முயலுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இங்கே ஒரு சிக்கல் வரும். முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் முதல் காகிதத்தில் எப்படி விழுகிறதோ அதே எழுத்தில்தான் வங்கி, காப்பீடு, அஞ்சல் பெட்டி எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்.

அப்புறம் வீடு. விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்று போட்டிருந்தால் வெறும் வாடகை. வார்ம்மீட்டே என்றால் வெந்நீர், ஹீட்டர் போன்ற செலவுகளும் சேர்ந்தது. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத வெறும் வாடகை, அதையும் மூன்று தவணையாகக் கட்ட சட்டம் இடம் தருகிறது. காலி வீடு என்றால் நிஜமாகவே காலி. சமையலறையில் சிங்க்கோ அடுப்போ இல்லாத வீடுகளும் உண்டு, சுவரில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வருடத்துக்கு வருபவர்கள் வாடகை சற்றுக் கூடினாலும் சாமான்களோடு கூடிய வீட்டையே எடுங்கள் என்பது என் கருத்து. கையெழுத்துப் போடும் முன், குறிப்பிட்ட காலம் வரை காலி செய்ய முடியாது என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். பொதுவாக நாம் மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கையெழுத்திட்ட காகிதக் கடிதமாகத் தர வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. அலுவலகம் "அடுத்த மாதம் திரும்பி வாருங்கள்" என்று சொன்னால் மீதி வாடகை யார் தலையில் என்பதையும் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்டர்நெட், ஜிம், மொபைல் எல்லாவற்றிலும் இதே கவனம் வேண்டும். 24 மாத ஒப்பந்தத்தைச் சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். மொபைலுக்கு ப்ரீபெய்டு போதும்.

வங்கிக் கணக்கு. மனைவியின் கார்டை வாங்கிக்கொண்டு காய்கறி வாங்கப் போவதில் எனக்குப் பெரிய கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மாதம் ஆனபின் ஒரு ஜோடி செருப்பு வாங்கவும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது, அது உறுத்தியது. இந்தப் பக்கம் ஊரில் அத்தை போன் செய்து "மாப்பிள்ளை அங்க என்னதான் பண்றார்?" என்று கேட்பார். கூட்டுக் கணக்கு எடுங்கள். அல்லது தனிக் கணக்கு. வருமானம் இல்லை என்று வங்கி தயங்கினால் பாஸிஸ்கோன்டோ என்று கேளுங்கள், சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அந்த அடிப்படைக் கணக்கு திறக்க உரிமை உண்டு.

மொழித் தேர்வு கட்டாயமில்லை என்பதால் மொழியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நகராட்சி நடத்தும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற பெரியவர்களுக்கான கல்வி மையத்தில் குறைந்த கட்டணத்தில் வகுப்பு உண்டு. வந்த முதல் மாதமே சேருங்கள். ஜெர்மனில் இருபத்தொன்றை "ஒன்றும் இருபதும்" என்று திருப்பிச் சொல்வார்கள். மருந்துக்கடையில் போன் நம்பர் கேட்டபோது நான் 47 என்பதை 74 என்று சொல்லிவிட்டேன், என் மாத்திரை வந்துவிட்டது என்ற செய்தி யாருக்கோ போய்ச் சேர்ந்தது. வகுப்பில் எனக்குக் கிடைத்தது மொழி மட்டுமில்லை. செவ்வாய், வியாழன் காலை ஒன்பது மணிக்கு நான் ஓர் இடத்தில் இருந்தாக வேண்டும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள். டிசம்பரில் காலை எட்டுக்கும் சூரியன் உதிக்காது, மாலை நாலரை வாக்கில் மறைந்துவிடும். அந்த மாதத்தில் இப்படி இரண்டு காலைகள் இருப்பது பெரிய விஷயம்.

தமிழ் கேட்க வேண்டுமென்றால் ஈழத்தமிழர் கடைக்குப் போங்கள், பெரிய நகரங்களில் அனேகமாக ஒன்றாவது இருக்கும். கருவேப்பிலையும் இட்லி அரிசியும் அங்கே கிடைக்கும். முதல் தடவை போனபோது கல்லாவில் இருந்த அம்மா "தம்பி இந்தியாவோ? எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன், அன்று காலையிலிருந்து நான் யாரிடமும் பேசியிருக்கவில்லை. ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில், கட்டியவர்கள் ஈழத்தமிழர்கள். கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சாமி கும்பிடாதவர்களும் ஒரு தடவை போய் வரலாம்.

திரும்பும்போது பதிவை நீக்க வேண்டும், அப்மெல்டுங். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். தொலைக்காட்சிக் கட்டணத்தை நிறுத்தவும் சில ஒப்பந்தங்களை ரத்து செய்யவும் அதைக் கேட்பார்கள். வருமான வரி அலுவலகத்தின் கடிதம் நீங்கள் ஊர் வந்து பல மாதம் கழித்தும் வரலாம், அதனால் தபாலைத் திருப்பிவிட நம்பகமான ஒரு நண்பரின் முகவரியைக் கொடுங்கள். அவருடைய அஞ்சல் பெட்டியிலும் உங்கள் இருவர் பெயரையும் கொஞ்ச நாளைக்கு ஒட்டி வைக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.