அத்தாவின் எடையும் காலண்டர் கட்டமும்: ஹார்ட் ஃபெயிலியரை வீட்டில் கவனிப்பது எப்படி?

அத்தாவின் (அப்பாவின்) டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று படித்ததும் வீட்டில் எல்லோரும் அழுதோம். அந்தப் பெயரே பாதி ஆளைக் கொன்றுவிடும். இதயம் நின்றுவிடவில்லை, பம்ப் பலவீனமாகிவிட்டது, அவ்வளவுதான். ரத்தம் போதுமான அளவு போகாததால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது.

மாத்திரையை வேளைக்குக் கொடுப்பதை நான் சொல்லவேண்டியதில்லை. நேராக எடைக்கு வருகிறேன். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

தேவிபட்டினம் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று அத்தா 58 கிலோ. நாலாம் நாள் 60.5. "சோறு பிடிக்குது, உடம்பு தேறிட்டாரு" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். ஐந்தாம் நாள் ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்தே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். "நாலு நாள் சோத்துல ரெண்டரைக் கிலோ சதை போடுமா தம்பி?" என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸக்கா கேட்டபோதுதான் உறைத்தது. ஏறியது சதை இல்லை, தண்ணீர்.

எனவே தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, டீ குடிப்பதற்கு முன்னால், வெறும் கைலியோடு ஏற்றி நிறுத்துங்கள். முள் காட்டும் மெஷின் வேண்டவே வேண்டாம், நூறு கிராம் வித்தியாசம் அதில் தெரியாது. டிஜிட்டல்தான். பாயின் மேல் வைக்காதீர்கள். எங்கள் சிமெண்ட் தரை மேடு பள்ளம். இடம் மாற்றினால் முக்கால் கிலோ மாறியது. கடைசியில் சமமான ஓரிடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிட்டேன். எண்ணை மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். செல்போன் செயலியெல்லாம் நாலு நாளில் மறந்துவிடும், சுவரில் தொங்குவது கண்ணில் படும்.

ஒரு நாளில் ஒரு கிலோவோ, மூன்று நாளில் இரண்டு கிலோவோ ஏறினால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நீர் மாத்திரையை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) நீங்களாகக் கூட்டக் கூடாது.

எடை பார்த்த கையோடு கணுக்காலுக்கு மேலே எலும்பில் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. ஒரு தலையணை கேட்டவர், நுரையீரலில் நீர் தேங்கி, மூன்று கேட்கிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உப்பு. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாலிநோக்கத்தில் உப்பு விளைகிற எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் இதை யாரிடம் சொல்ல? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. பச்சை மீன் விலை ஏறும், வீட்டுக்குள் கருவாடு வரும். வெந்நீரில் மூன்று தரம் அலசிப் போட்டேன். மறுநாள் 1.2 கிலோ கூடிவிட்டது. அலசினாலும் உள்ளே ஏறிய உப்பு முழுக்கப் போகாது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கடை மிக்சர் எல்லாம் அதே கணக்குத்தான். நம்ம ஊர் முண்டு மிளகாய், புளி, பூண்டு, எலுமிச்சை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பத்து நாளில் நாக்கு பழகிவிடும்.

டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் (அத்தாவுக்கு ஒன்றரை லிட்டர்) காலையில் அவ்வளவையும் பாட்டிலில் பிடித்து வையுங்கள். டீயோ கஞ்சியோ ஒரு டம்ளர் குடித்தால், பாட்டிலிலிருந்து ஒரு டம்ளரைச் செடிக்கு ஊற்றுங்கள். மீதி எவ்வளவு என்பது அவருக்கே தெரியும், சண்டை மிச்சம்.

படுத்தால் மூச்சு முட்டுவது, இளஞ்சிவப்பாக நுரைத்த சளி, மயக்கம், நெஞ்சுவலி: இதற்கெல்லாம் காலண்டரைப் பார்க்காதீர்கள், 108.

பின்சேர்க்கை: சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தை உடம்பிலேயே பிடித்துவைக்கும் நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். இளநீரும் அப்படித்தான். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

இன்னொன்று: முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டதும் வீக்கம் வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். கடைக்காரர் மாத்திரையை எடுப்பதற்கு முன்பே ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்லிவிடுங்கள்.