பள்ளிக்கு ஒன்பது மார்க், என் மகளுக்கு ஆறாவது பீரியட்

ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பே ஏரியாவுக்கு வந்து இறங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதுவும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு வருகிறவர்களுக்காக. ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிறதை எங்கே கொண்டுபோய் விட்டாலும் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஹைஸ்கூல் என்றால் நீங்களே பயந்துபோய்ப் பத்துப் பேரிடம் விசாரிப்பீர்கள். நடுவில் இருக்கிற இந்த மிடில் ஸ்கூலைத்தான் 'ரேட்டிங் பார்த்தோம், வீடு எடுத்தோம்' என்று முடித்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் முடித்தோம்.

முதலில் ஆபீஸ் வேலைகள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் ஸ்கூல் அப்ளிகேஷன் வாங்க விடியறதுக்கு முன்னால் போய் வரிசையில் நின்றவள் நான். இங்கே அரசுப் பள்ளியில் சீட்டு என்பது வீட்டு விலாசம்தான். டொனேஷன் கிடையாது, ஃபீஸ் கிடையாது. 2022-லிருந்து காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும்கூட எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். வாடகை விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்த ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற அமைப்பான பள்ளி மாவட்டத்தின் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) இணையதளத்தில் கதவு எண்ணோடு விலாசத்தைப் போட்டுப் பாருங்கள். தெருவின் இந்தப் பக்கத்துக்கு ஒரு பள்ளி, எதிர்ப்பக்கத்துக்கு வேறு பள்ளி என்றெல்லாம் இருக்கும். பிறகு ஆபீசுக்கு ஒரு போன் போட்டு, அந்த வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிரம்பிவிட்டால் மாவட்டத்தில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், வாடகையை யாரும் குறைத்துக்கொள்ள மாட்டார்கள்.

காகிதம் என்றால் வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பிள்ளையின் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்று, தடுப்பூசி விவரம். ஊசியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏழாம் வகுப்புக்குப் போக டீடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமலுக்கானது) ஊசி போட்டிருக்க வேண்டும். சின்னம்மைக்கு இரண்டு டோஸ் கேட்பார்கள். அது நம்மூர் அரசு அட்டவணையில் இல்லாதது, தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டதுதான். ஆகவே கிளம்புமுன் குழந்தை டாக்டரிடம் போய்த் தேதியோடு எழுதி, சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். சில கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) டிபி சோதனையும் கேட்பார்கள். நம்மூரில் டிபிக்காகப் பிறந்ததும் போடுகிற பிசிஜி ஊசி போட்ட பிள்ளைகளுக்குத் தோலில் குத்திப் பார்த்தால் வியாதி இல்லாமலேயே வீங்கிக் காட்டலாம். ரத்தச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிற கிரேட்ஸ்கூல்ஸ், ஏ பிளஸ், பி மைனஸ் என்று கிரேடு போடுகிற நீஷ், இரண்டையும் கோவையில் உட்கார்ந்தபடியே மனப்பாடம் செய்திருந்தேன். நாங்கள் எடுத்த பள்ளிக்கு ஒன்பது. அந்த எண்ணில் பெரும்பங்கு மாநிலப் பரீட்சை மதிப்பெண்ணிலிருந்து வருவது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருஷா வருஷம் எழுதுகிற இங்கிலீஷ், கணக்குப் பரீட்சைதான் அது. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் சாயங்காலம் கணக்கு டியூஷனில் இருக்கிறார்கள். யார் வீட்டு மாவில் யார் சுட்ட தோசை அந்த ஒன்பது என்று யோசிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

பெற்றோர் எழுதும் கருத்துகள் இன்னும் வேடிக்கை. 'ஹோம்வொர்க்கே கிடையாது, பிள்ளை சோம்பேறி ஆகிறான்' என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பார். கீழேயே இன்னொருவர், 'ஹோம்வொர்க் கொடுத்தே கொல்கிறார்கள்' என்று அவரும் ஒரு நட்சத்திரம். நம் தமிழ் வாட்ஸப் குழுவில் கேட்டால் வேறு மாதிரி. ஒரு அண்ணா சொன்னார்: "நல்ல ஸ்கூலும்மா, கண்ண மூடிட்டு எடுங்க. நம்ம பசங்க நிறைய. ஆர்கெஸ்ட்ரா சூப்பரு."

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தேன். பாப்பா ஆறு வருஷமாக வயலின் வாசிக்கிறாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு டீச்சரிடம், பாயில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மாயாமாளவகௌளையில் ஆரம்பித்து வர்ணம் வரை வந்திருந்தாள். அமெரிக்காவில் பள்ளியிலேயே ஆர்கெஸ்ட்ரா, அதுவும் இலவசமாக என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பள்ளி எல்லைக்குள் வீடு எடுக்க மாசம் நானூறு டாலர் அதிகம். கொடுத்தோம்.

சேர்க்கையின்போது கணினியில் நிரப்பிய கணக்கற்ற படிவங்களில் ஒன்று, வீட்டு மொழி பற்றியது. நான்கே கேள்விகள். பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசும் மொழி எது, நீங்கள் பிள்ளையிடம் பேசும் மொழி எது, வீட்டுப் பெரியவர்கள் பேசும் மொழி எது. நான்கிலும் தமிழ் என்று போட்டேன். பெருமையோடுதான் போட்டேன். ஏர்போர்ட்டில் என் மாமனார் சொன்ன ஒரே விஷயம், "பாப்பா தமிழ மறந்துராம பாத்துக்க அம்மணி." முதல் வாரமே அவர் பேச்சைக் காப்பாற்றிவிட்ட திருப்தி எனக்கு.

அந்தப் படிவம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. முதல் மூன்று கேள்விகளில் ஆங்கிலம் அல்லாத மொழி வந்தால், சேர்ந்த 30 நாட்களுக்குள் பிள்ளைக்கு 'இனிஷியல் எல்பேக்' என்ற ஆங்கிலப் பரீட்சை வைப்பார்கள். யாரும் மறைக்கவில்லை, ஒரு கடிதம் வந்தது. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவளுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று மடித்து டிராயரில் வைத்தேன். பாப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

கேட்டல், படித்தல், எழுதுதல் எல்லாம் அவளுக்குச் சிரமமில்லை. பேசுவதில்தான் போனது. ஒரு அம்மா எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். ஒரு பாடத்தை ஒலிக்கவிட்டு, 'இப்போது நீ சொல்' என்பார். நம் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம்? பெரியவர் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள், அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே. அவள் அப்படியே செய்துவிட்டு வந்திருக்கிறாள். "ரெண்டு வரி சொன்னேம்மா. வேற எதாவது இருக்கானு கேட்டாங்க. நோ மேம்னு சொல்லிட்டேன்." ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும்.

450 எடுத்தால் 'ஆங்கிலம் சரளம்' என்று விட்டுவிடுவார்கள். பாப்பாவுக்கு 438. பன்னிரண்டு குறைந்ததில் அவள் 'இங்கிலீஷ் லேர்னர்' ஆனாள்.

அதனால் என்ன போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். டைம் டேபிள் வந்த அன்றைக்குத்தான் கணக்குப் புரிந்தது. நாளைக்கு ஆறு பீரியட். இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், ஹிஸ்டரி நான்கு. ஏழாம் வகுப்பிலிருந்து பத்துப் பள்ளி நாளுக்கு 400 நிமிஷம் உடற்பயிற்சி இருந்தே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம், அது ஐந்தாவது. மிச்சம் ஒன்றே ஒன்று. பிள்ளை தனக்குப் பிடித்ததை எடுக்கிற இலெக்டிவ் பீரியட் அதுதான். பாட்டு, படம், சமையல், ரோபாட்டிக்ஸ், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் அங்கேதான். 'இங்கிலீஷ் லேர்னர்' பிள்ளைகளுக்கு இஎல்டி என்று தனியாக ஆங்கில வகுப்பு உண்டு. எங்கள் பள்ளியில் அதை வைத்த இடமும் அதே பீரியட்.

நானூறு டாலர் கொடுத்து வாங்கிய ஆர்கெஸ்ட்ரா சுவருக்கு அந்தப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தது. பாப்பா இந்தப் பக்கம் உட்கார்ந்து 'கம்பேர் அண்ட் கான்ட்ராஸ்ட்' எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிக் கவுன்சிலருக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்றுக்கும் சிரித்த முகத்தோடு 'இப்போது மாற்ற முடியாது' என்று பதில். எரிச்சல் யார் மேல் என்று இன்றைக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடிதம் கண்ணில் படும்.

இதைச் சொன்னால் உடனே சிலர், "அதனாலதான் நாங்க எல்லாத்துலயும் இங்கிலீஷ்னு போட்டோம்" என்பார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். பொய் என்பது ஒரு பக்கம், அந்த வகுப்பு உண்மையிலேயே தேவைப்படுகிற பிள்ளைகளும் நம்மில் உண்டு. தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அது வரம். தமிழ் என்றே போடுங்கள். ஆனால் பரீட்சையைப் பரீட்சையாக நினையுங்கள். எந்தத் தேதி என்று ஆபீசில் கேட்டுவிடுங்கள். விமானக் களைப்பு தெளிவதற்குள் வைத்தால் இரண்டு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேளுங்கள், 30 நாள் இருக்கிறது. மாநிலக் கல்வித்துறை பயிற்சித் தேர்வுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, இரண்டு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாகப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்: கண்ணு, அங்க மட்டும் வாயாடு. ஏன், எப்படி, எனக்கு என்ன தோணுதுன்னு அவங்க போதும்னு சொல்ற வரைக்கும் பேசு.

பரீட்சை முடிந்த பிறகு படிவத்தை மாற்றி எழுதிப் பயனில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. முடிவு தவறு என்று தோன்றினால், வகைப்படுத்தியதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று பெற்றோர் எழுத்தில் கேட்கலாம். ஒரே ஒரு முறைதான், அதுவும் முதல் வருடாந்தர எல்பேக் எழுதுவதற்குள். அந்த வருடாந்தரப் பரீட்சை பிப்ரவரி 1-லிருந்து மே 31-க்குள் நடக்கும். எனக்கு இந்த விதி தெரிந்தது மார்ச் மாதம், பாப்பா அதை எழுதி முடித்த மறுவாரம், பாலாடைக்கட்டி வாங்கப்போன கடையில் சந்தித்த ஒரு தெலுங்கு அம்மா சொல்லி.

அதற்குப் பிறகு நீண்ட வழிதான். வருடாந்தரப் பரீட்சையில் மொத்தத்தில் நான்காம் நிலை வர வேண்டும், ஆசிரியர் மதிப்பீடு வேண்டும், பெற்றோரின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆங்கிலத்தில் சரளமாக இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளின் தேர்ச்சியோடு ஒப்பிட வேண்டும். நான்கும் கூடிவந்து கையெழுத்தாகும்போது எட்டாம் வகுப்பு தொடங்கிவிட்டது, இலெக்டிவ் இடமெல்லாம் முந்தின வசந்தத்திலேயே நிரம்பிவிட்டது. நியூ ஜெர்சி, டெக்சாஸ் போகிறவர்களும் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கேயும் மொழிப் படிவம் உண்டு, பரீட்சையின் பெயர்தான் வேறு.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த இஎல்டி டீச்சரைப் போல ஒரு டீச்சர் பாப்பாவுக்கு அந்தப் பள்ளியில் வேறு அமையவில்லை. காபூலிலிருந்து வந்த பெண், குவாத்தமாலாவிலிருந்து வந்த பையன், எல்லோருமாக அந்த அறையில்தான் மதியச் சாப்பாடு. பாப்பாவின் புளிசாதத்துக்கு அங்கே ரசிகர் மன்றமே இருந்தது. அந்த அறையைப் பற்றி எந்தத் தளத்திலும் ஒரு வரி இல்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நட்சத்திரம் போடுகிறவர்கள் இல்லை. பள்ளியைப் பற்றி நான் படித்ததெல்லாம் எட்டு வருஷமாக அந்த ஊரில் இருந்து, எல்லாம் தெரிந்து, பிள்ளையைச் சரியான வகுப்பில் நுழைத்துவிட்டவர்கள் எழுதியது. நேற்று வந்த பிள்ளை எந்தக் கதவு வழியாக உள்ளே போகும் என்று அவர்களுக்கே தெரியாது.

பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் 'கலிபோர்னியா ஹெல்தி கிட்ஸ் சர்வே' அறிக்கையைத் தேடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெயர் கேட்காமல் எடுப்பது. பள்ளியில் பயமில்லாமல் இருக்கிறாயா, உன்னை யாராவது கேலி செய்கிறார்களா, உன்மேல் அக்கறை உள்ள பெரியவர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா, வேப் (ஈ-சிகரெட்) புகைத்திருக்கிறாயா என்றெல்லாம் கேட்பார்கள். மாவட்ட வாரியாக முடிவுகள் பொதுவில் இருக்கும். அலுப்பான பிடிஎஃப்தான், ஆனால் எங்கள் வாட்ஸப் அண்ணாவை விட நூறு மடங்கு மேல். மாநிலத்தின் 'ஸ்கூல் டாஷ்போர்டு' என்ற தளத்தில் எத்தனை பேர் அடிக்கடி மட்டம் போடுகிறார்கள், எத்தனை பேரை சஸ்பெண்ட் செய்தார்கள், 'இங்கிலீஷ் லேர்னர்' பிள்ளைகள் முன்னேறுகிறார்களா என்று சிவப்பிலிருந்து நீலம் வரை வண்ணம் போட்டிருப்பார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தை நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை, அது வேறு யாருக்கோ என்று நினைத்தேன். ஆபீசில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இஎல்டி எந்த பீரியட், அதை எடுக்கிற பிள்ளை இலெக்டிவும் எடுக்க வழி உண்டா? சில பள்ளிகளில் காலையில் கூடுதலாக 'ஜீரோ பீரியட்' இருக்கும். எங்கள் பள்ளியில் இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை.

எட்டாம் வகுப்பு ஜனவரியில் ஒருவழியாக ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்தது, இரண்டாம் வயலினில் கடைசி நாற்காலி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையில் இடுக்கி, நோட்டுப் பார்த்து வாசிக்க வேண்டும். காதால் கேட்டால் உடனே வாசித்துவிடுகிறவள் பேப்பரைப் பார்த்துத் திணறினாள். கழுத்து வலிக்கு நான் இரவில் தைலம் தேய்த்துவிட்டேன். வீட்டில் மட்டும் இன்னும் பாயில்தான்.

இதை எழுதுமுன் பாப்பாவிடம், அந்த ஸ்கூலைப் பற்றி நீ எழுதினால் என்ன எழுதுவாய் என்று கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பாத்ரூம்ல எப்பவும் சோப்பு இருக்காது. லாக்கர் பூட்டு திறக்கறதுக்குள்ள பெல் அடிச்சிரும். இஎல்டி மிஸ் பெஸ்ட். மூணு ஸ்டார் போட்டுக்கோம்மா."