பழைய செஸ்னாவில் ரேடியோ சூடாகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சியில் போன வாரம் ஒரு மன்னார்குடித் தம்பி, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான், செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தின் கருவிப் பேனலுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். "மத்தியானம் ஆனா ரேடியோ கட் ஆகுதுண்ணே. வேற பெட்டி மாட்டிரலாமா?" என்றான். நான் புதிதாக வந்தபோது கேட்ட அதே கேள்வி. கேட்டதும் வயிறு எரிந்தது.

மூடாத குழாய்

ரேடியோ அடுக்குக்குப் பின்னால் சின்ன விசிறி ஒன்று இருக்கும். அதிலிருந்து விரல் தடிமனில் குழாய்கள் கிளம்பி, ஒவ்வொரு ரேடியோவும் செருகியிருக்கும் தட்டுக்கும் காற்றைக் கொண்டுபோகும். ஏடிஎஃப் (தரையிலுள்ள ரேடியோ நிலையத்தின் திசையைக் காட்டுவது) மாதிரி பழைய கருவியைக் கழற்றுகிறவர்கள் அதன் குழாயை வாய் திறந்தபடியே விட்டுவிடுகிறார்கள். டெல்டாக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடையைத் திறந்து போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறுமா? காற்றும் தடையில்லாத வழியாகவே ஓடிவிடும்; நெருக்கமான தட்டுக்குள் நுழையாது.

நான் செய்தது இன்னும் மோசம். ரேடியோவைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பினேன். மேசை மேல் குளுகுளுவென்று சோதித்து, 'பழுது இல்லை' என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். மாட்டினேன், மே மாத வெயிலில் மறுபடி அணைந்தது. மறுபடி அனுப்பினேன். செலவெல்லாம் விமானக்காரர் தலையில். கடைசியில் பேனலுக்கு அடியில் படுத்திருந்தபோது கன்னத்தில் சில்லென்று காற்று அடித்தது. தடவிப் பார்த்தால், பழைய ஏடிஎஃப் குழாய்.

ரேடியோ அணைவது வெளியே தெரிகிற சேதம். தெரியாத சேதம் உள்ளே நடக்கிறது: பத்து டிகிரி கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதனால் கருவியைக் கழற்றிய அன்றே, அதன் குழாயை விசிறியோடு சேரும் இடத்திலேயே எடுத்துவிட்டு, அந்த வாய்க்கு மூடி போடுங்கள். டேப் சுற்றாதீர்கள்; சூட்டில் பசை இளகி உரிந்துவிடும். மற்ற குழாய்களின் முனையில் ஒரு காகிதத் துண்டைக் காட்டிப் பாருங்கள், படபடக்க வேண்டும். செய்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

அந்தத் தம்பியின் விமானத்திலும் இதேதான். மூடி போட்ட பிறகு மத்தியான வெயிலிலும் ரேடியோ அணையவில்லை.

விசிறி நின்றுபோனது தெரியாமல் பறப்பது

இன்ஜின் ஓடினால் சத்தம் கேட்காது. கிளப்பும் முன் காது கொடுங்கள்.

கம்ப்யூட்டர் கடை விசிறி

வேண்டாம். விமானத்தில் மாட்ட அதற்கு அனுமதி கிடையாது; அதன் காந்தம் திசைகாட்டியையும் இழுக்கும்.

வெயிலில் நின்ற விமானம்

முதலில் கதவைத் திறந்து அனல் போகட்டும். அப்புறம் ரேடியோவைப் போடுங்கள்.

வெளிக்காற்று வாய்

மிகப் பழைய விமானங்களில் விசிறியே இருக்காது. உடம்பின் வெளிப்புறத்தில் உள்ள ஒரு வாய் வழியாகக் காற்று நேராக ரேடியோவுக்குப் போகும். தரையில் நிற்கும்போது அதில் காற்றே வராது. ஐப்பசி மழையில் பறந்தால் காற்றோடு தண்ணீரும் வரும். அப்படி ஒரு தட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். மின் இணைப்புப் பின்கள் முழுக்கப் பச்சைக் களிம்பு, பித்தளைக் குடத்தின் அடியில் படிந்திருப்பது மாதிரி.