மூக்கோரத்துப் பழுப்புக் கோடு: டஸ்ட் மாஸ்க் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலையில் அறுவை மெஷினை நிறுத்தியதும் எங்கள் பட்டறையில் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றுவார்கள். அந்த நேரத்தில் நான் ஒவ்வொருவர் மூக்கோரத்தையும் பார்ப்பேன். எம்டிஎஃப் என்கிற, மர இழையைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகையின் தூள் கோதுமை மாவு மாதிரி நைஸாக இருக்கும். மாஸ்க்கின் விளிம்பு எங்கே தூக்கிக்கொண்டிருந்ததோ அந்த வழியில் கன்னத்தில் ஒரு பழுப்புக் கோடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். கோடு இருந்தால் அன்றைக்கு அவர் போட்டிருந்தது எவ்வளவு விலையுள்ள மாஸ்க்காக இருந்தாலும் பாதி வீண்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பக்கம் கிச்சன் அலமாரி செய்யும் பட்டறை எங்களுடையது. பலகை அறுப்பு, தேய்ப்பு, கதவுக்குப் பெயின்ட், சில நாள் கல் மேடை வெட்டுவது என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். மாஸ்க் வாங்குவதும் கொடுப்பதும் என் பொறுப்பு. நான் செய்த தவறுகளும் இதில் உண்டு.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. வெள்ளையாக, கிண்ணம் மாதிரி இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்து மலிவானதை எடுத்துவிடுகிறோம். ஒற்றை ரப்பர் பட்டை போட்ட மெல்லிய மாஸ்க்குக்குத் தரமே கிடையாது, அது மூக்கில் பஞ்சு வைத்த மாதிரிதான். மாஸ்க்கின் மேலேயே எஃப்எஃப்பி1, எஃப்எஃப்பி2, எஃப்எஃப்பி3 என்று ஏதாவது ஒன்றும், ஈஎன் 149 அல்லது எஸ்ஏஎன்எஸ் 50149 என்ற தர எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. நாங்கள் வாங்கும்போது, இங்கே கட்டாயத் தரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்ஆர்சிஎஸ்ஸின் அனுமதி இருக்கிறதா என்றும் கேட்போம். காதில் மாட்டும் வகையை நான் வாங்குவதே இல்லை. தலையைச் சுற்றி இரண்டு பட்டை இழுத்துப் பிடிக்கிற மாதிரி காதால் பிடிக்க முடியாது.

எண்களின் கணக்கு இது. நன்றாகப் பொருந்தினால் எஃப்எஃப்பி1 நீங்கள் சுவாசிக்கும் தூசியை நாலில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். எஃப்எஃப்பி2 பத்தில் ஒன்று, எஃப்எஃப்பி3 இருபதில் ஒன்று. மரத்தூளை உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி புற்றுநோய் தரும் பொருள் என்று 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. அதனால் பலகை அறுப்புக்கு எஃப்எஃப்பி2க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

கல் விஷயம் வேறு. இப்போது எல்லாரும் கேட்கும் செயற்கைக் கல் மேடையில் சில வகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். உலர வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும், திரும்பி வராது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. சிலிக்கா என்ன செய்யும் என்று இந்த நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கிட்டத்தட்ட 500 கோடி ராண்டு இழப்பீட்டு ஒப்பந்தத்தை நீதிமன்றம் 2019இல்தான் ஏற்றது. நுரையீரலில் சிலிக்கா சேர்ந்தவர்களுக்குக் காசநோய் எளிதில் வரும் என்பது கூடுதல் ஆபத்து. மாஸ்க் இருக்கிறதே என்று உலர வெட்டுவதுதான் இதில் பெரிய தவறு. தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், தூசி உறிஞ்சும் மெஷின் ஓட வேண்டும், அதற்கு மேலேதான் மாஸ்க். லோட் ஷெட்டிங் என்று மின்சாரத்தை முறை வைத்து நிறுத்திய நாட்களில் ஜெனரேட்டர் அறுவை மெஷினுக்கு மட்டும் இருந்தது, உறிஞ்சும் மெஷினுக்கு இல்லை. அப்படியும் வேலையை ஓட்டினோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அப்புறம், பெயின்ட். தூசி மாஸ்க் வாயுவையும் ஆவியையும் பிடிக்காது. பசையின் நெடி மாஸ்க்குக்குள்ளும் வந்தால் மாஸ்க் பழுது என்று அர்த்தமில்லை, அந்த வேலைக்கு அது செய்யப்படவில்லை. இரண்டு டின் கலந்து அடிக்கும் பெயின்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். வாசனையே தெரியாமல் ஆஸ்துமா வரவைக்கும். அதை ஸ்ப்ரே செய்ய வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாயில் வரும் முகமூடிதான் வேண்டும். மூடிய தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கும் இந்த மாஸ்க்கை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இது என்ன செய்யும்?

சரி, நல்ல மாஸ்க் வாங்கியாயிற்று. போடுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மேல் பட்டை தலை உச்சிக்குப் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். நாள் முழுக்க இழுக்கிறது என்று கீழ்ப் பட்டையை வெட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கழுத்திலேயே போடுகிறவர்களும் உண்டு. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இரண்டு பக்கமும் இடைவெளி விழும், அந்தப் பழுப்புக் கோடு பெரும்பாலும் அங்கே பிறந்ததுதான். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு மாஸ்க்கை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பலமாக மூச்சை விட்டுப் பாருங்கள். மூச்சு வெளியேற முன்னால் வால்வு வைத்ததானால் பலமாக இழுத்துப் பாருங்கள். கண்ணோரம் காற்று அடித்தால் சரியில்லை. பத்து விநாடி வேலை, ஒவ்வொரு முறை போடும்போதும். வியர்க்கிறதே என்று உள்ளே கைக்குட்டை மடித்து வைப்பதும் ஓட்டை போடுவதும் ஒன்றுதான்.

இனி தாடி. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இங்கே ஐந்தாறு தலைமுறையாக இருக்கிற, தமிழ் பேச வராத பிள்ளைகள்கூட தைப்பூசக் காவடிக்கு விரதத்தை விடுவதில்லை. விரத நாட்களில் பலர் சவரம் செய்வதில்லை. போன வருஷம் தேய்ப்பு வேலையில் இருந்த ஒரு தம்பி, பத்து நாள் தாடியோடு, “அண்ணா, முருகனுக்கு விட்ட தாடியை மாஸ்க்குக்காக எடுக்கச் சொல்றீங்களா?” என்று பாதி இங்கிலீஷில் கேட்டான். எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரே நாள் வளர்ந்த முடிகூட விளிம்பை முகத்தில் ஒட்டவிடாது. அவனை அந்த நாட்களில் கதவு மாட்டும் வேலைக்கு மாற்றினேன். எப்போதும் தாடி வைப்பவர்களுக்கு, மோட்டார் வைத்துக் காற்று ஊதும் தலைமூடி இருக்கிறது. விலை அதிகம், ஆனால் வழி அதுதான்.

ஒரே மாஸ்க்கை ஒரு வாரம் ஓட்டுவது அடுத்தது. மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதற்கான என்ஆர் என்ற எழுத்து அச்சிட்டிருந்தால் ஒரு ஷிஃப்டுக்கு மேல் கூடாது. டர்பன் வெயில்கால ஈரத்தில் அதற்கு முன்னாலேயே நனைந்து மூச்சு முட்டும், அப்போதே மாற்ற வேண்டியதுதான். துவைப்பதும் சானிடைசர் அடிப்பதும் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் வடிகட்டி சல்லடை மாதிரி மட்டும் வேலை செய்வதில்லை, இழைகளில் ஏற்றிய மின்னூட்டத்தால் தூளை இழுத்துப் பிடிக்கிறது. ஆல்கஹால் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும். பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும், அதுதான் வம்பு. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்தால் உள்பக்கமெல்லாம் தூள்.

வால்வு பற்றி ஒரு வரி. எங்களுக்கு அது வசதி, ஆனால் கிளினிக்கில் காசநோய்ப் பிரிவில் இருக்கும் என் மனைவி வால்வு இல்லாததுதான் போடுவாள். வால்வு வழியாக நம் மூச்சு வடிகட்டாமல் வெளியே போய்விடும்.

செலவைச் சிலர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், அப்படிப் பிடிக்கக் கூடாது என்கிறது. எங்கள் தவறு வேறு. பெட்டி பெட்டியாக ஒரே அளவு, ஒரே மாடல் வாங்கி எல்லா முகத்துக்கும் கொடுத்தோம். மாஸ்க் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க ஆள் வரவழைத்தபோதுதான் புரிந்தது. மாஸ்க் போட்டவர் தலையில் ஒரு மூடியைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கரைசலைப் புகையாக அடிப்பார்கள். தலையைத் திருப்பி, நிமிர்ந்து, குனிந்து, பேசிப் பார்க்க வேண்டும். நாக்கில் இனித்தால் மாஸ்க் கசிகிறது. காவடி முடிந்து மழமழவென்று சவரம் செய்துவந்த அந்தத் தம்பிதான் முதலில் உட்கார்ந்தான். தலையைத் திருப்பியதுமே, “அண்ணா, பாயசம் மாதிரி இனிக்குது” என்றான். மறுநாள் சின்ன அளவில் இரண்டு பெட்டி வாங்கினோம்.